187 பேரை வெளியே போட்ட ஐந்து மடல்கள்

2024 ஓகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கச்சான் காற்று நின்றுபோய் ஒரே புழுக்கம். கல்லடி வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது போன் அதிரத் தொடங்கியது. ஒரு மின்னஞ்சல், இன்னொன்று, பிறகு பத்து, இருபது. எல்லாம் எங்கள் பழைய மாணவர் சங்க மடற்குழுவின் சேர்வரிலிருந்து. ஒரு விலாசத்துக்கு எழுதினால் உறுப்பினர் எல்லாருக்கும் போகிற மின்னஞ்சல் குழு அது. எல்லாம் சொன்னதும் ஒன்றுதான்: இன்ன விலாசத்துக்கு மடல் அனுப்புவது நிறுத்தப்பட்டது. குழுவின் நிர்வாகி நான். ஒன்றையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். 'நல்லது, செத்த விலாசங்களை மெசினே கூட்டித் தள்ளுது' என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

காலையில் எண்ணிப் பார்த்தேன். 187 மடல்கள். குழுவில் இருப்பதே 264 பேர்.

அடுத்த ஆறு வாரம் நடந்ததைச் சங்கத்துக்காகக் குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பிழைகளை விடவில்லை, அவற்றில் முக்கால்வாசி என்னுடையவை.

குழுவும் அந்த வாரமும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம். மீதிப் பேர் ரொறன்ரோ, லண்டன், சூரிச், ஒஸ்லோ. வாட்ஸ்அப் குழு ஒன்றும் இருக்கிறது, அதில் காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் ஓடும். கணக்கு, கூட்டக் குறிப்பு, மரண அறிவித்தல் மூன்றும் மின்னஞ்சலில்தான் வர வேண்டும் என்பது மூத்தவர்களின் பிடிவாதம். நியாயமான பிடிவாதம்தான். மூன்று வருடத்துக்கு முந்திய கணக்கை வாட்ஸ்அப்பில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குழு ஓடுவது வாடகைச் சேர்வர் ஒன்றில், மெயில்மேன் 2.1 என்ற மென்பொருளில். பழையது. அது நிற்கும் பைதான் 2 என்ற நிரல்மொழிக்கான ஆதரவே 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஓடுகிற வண்டியை ஏன் கழற்றுவான் என்று நானும் அமைப்புகளைத் தொடாமல் விட்டிருந்தேன். மாதத்துக்கு இரண்டு மூன்று மடல், அதற்கு மேல் போக்குவரத்தில்லை.

அந்த வாரம் மட்டும் வேறு மாதிரி. படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக் கிணறு வற்றிவிட்டது. பிள்ளைகளுக்குத் தண்ணீர்த் தாங்கி வாங்கிக் கொடுக்கச் சங்கம் காசு சேர்த்தது. பொறுப்பு எங்கள் பழைய கணித டீச்சர், இப்போது ஓய்வில் இருக்கிறார். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை ஒவ்வொரு பின்னேரமும் அன்றைய வரவைக் குழுவுக்கு அனுப்பினார். ஐந்து நாள், ஐந்து மடல்.

சனிக்கிழமை வந்த போன்கள்

முதலில் ரொறன்ரோவிலிருந்து வகுப்புத் தோழன். "என்ன மச்சான், காசு இன்னும் அனுப்பல்ல எண்டு பேரை வெட்டிப்போட்டீங்களா?" பகிடியாகக் கேட்கவில்லை. அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போயிருக்கிறது: அளவுக்கு மீறிய பவுன்ஸ் காரணமாக உங்கள் உறுப்புரிமை நிறுத்தப்பட்டுள்ளது, இன்னும் இத்தனை நினைவூட்டலுக்குப் பிறகு நீக்கப்படுவீர்கள். காசு சேர்க்கிற வாரத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால் வேறு எப்படித்தான் வாசிப்பது? பவுன்ஸ் என்றால் காசோலை திரும்புவது என்றுதான் அவனுக்குத் தெரியும். மடல் போய்ச் சேராமல் திரும்புவதற்கும் அதே பெயர்தான்.

பின்னேரம் டீச்சர் எடுத்தார். "மகன், கணக்கில ஏதும் பிழை விட்டுட்டனா? என்ட பேரையும் எடுத்திருக்காம்."

187 பேரில் அவரும் ஒருவர். சமாதானம் சொல்லி வைத்த பிறகுதான் ஒரு விசயம் உறைத்தது. இந்த விலாசத்துக்கு மடல் போகவில்லை என்று அறிவிக்கும் கடிதம் அதே விலாசத்துக்குத்தான் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்து, வாசிக்கப்பட்டு, எனக்குப் பேச்சும் விழுந்துவிட்டது. அப்படியானால் அந்த விலாசத்தில் பிழையே இல்லை.

உறையில் ஒரு பெயர், கடிதத்தில் ஒரு பெயர்

இதற்கு மேல் போக முன் தபாலைப் பற்றி ஒரு வார்த்தை. தபாற்கந்தோரில் ஒரு கடிதத்தைக் கொடுத்தால், உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் விலாசம் இருக்கும். உள்ளே கடிதத்தின் அடியில் எழுதியவர் கையெழுத்து இருக்கும். விலாசதாரர் இல்லை என்று கடிதம் திரும்பினால், தபாற்காரர் பார்ப்பது உறையின் பின்பக்கத்தை மட்டும். உள்ளே யார் கையெழுத்து என்பது அவருக்கு வேண்டாத கதை.

மின்னஞ்சலும் இதே மாதிரித்தான். நாம் திரையில் பார்க்கும் 'ஃப்ரம்' என்பது உள்ளே இருக்கும் கையெழுத்து. உறையின் பின்பக்கத்துக்கு 'ரிட்டர்ன்-பாத்' என்று பெயர், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. மடற்குழு செய்வது ஒரு வேலைதான். டீச்சரின் கடிதத்தை வாங்கி, 264 புது உறையில் போட்டு, பின்பக்கத்தில் தன் சொந்த விலாசத்தை எழுதி அனுப்புகிறது. அதனால் திரும்பும் மடல் எல்லாம் குழுவின் பவுன்ஸ் பெட்டிக்கு வரும், டீச்சருக்குப் போகாது. இது சரியான ஏற்பாடு. இல்லாவிட்டால் ஒரு மடல் போட்டதற்கு அவருக்கு நூறு திரும்பி வரும். திரும்பி வருகிற அறிவித்தலின் உறையிலோ அனுப்புநர் இடம் வெறுமையாக இருக்கும். அதுவும் போய்ச் சேராவிட்டால் அதற்கு ஒரு பவுன்ஸ், அதற்கும் ஒரு பவுன்ஸ் என்று இரண்டு சேர்வர்கள் விடிய விடியப் பந்தடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

நடந்த குழப்பம் முழுக்க உறைப் பெயருக்கும் கையெழுத்துப் பெயருக்கும் இடையிலேதான் கிடந்தது. அது எனக்கு விளங்க இரண்டு நாள் போனது.

ஒரு பவுன்ஸை விரித்துப் பார்த்தால்

ஞாயிறு காலை, அந்த 187-ல் ஒன்றைக் கடைசியில் திறந்தேன். நிர்வாகிக்கு வரும் அறிவித்தலோடு, காரணமான பவுன்ஸையும் மெயில்மேன் இணைத்தே அனுப்புகிறது. வெள்ளி இரவே என் கையில் இருந்த சாட்சி அது.

ரொறன்ரோத் தோழனுடைய ஜிமெயில். மறுபக்கச் சேர்வர் சொன்ன பதில் 550 என்று தொடங்கி, அடுத்து 5.7.26 என்று வந்தது. பிறகு ஒரு வசனம்: இந்தக் கடிதம் எந்த நிறுவனத்தின் பெயரில் வருகிறதோ, அந்த நிறுவனத்தின் டிமார்க் கொள்கைப்படி இதை ஏற்க முடியாது. டிமார்க் என்றால் என்ன என்பது பிறகு.

புள்ளி வைத்த அந்த மூன்று எண்களை வாசிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் எண் 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் முடியாது, முடிந்தது கதை. பெரும்பாலானோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். காரணம் நடு எண்ணில் இருக்கிறது. 1 என்றால் கோளாறு விலாசத்தில்: 5.1.1 என்பது அப்படி ஒரு ஆளே இல்லை. 2 என்றால் பெட்டியில்: 4.2.2, 5.2.2 இரண்டும் பெட்டி நிரம்பிவிட்டது. 7 என்றால் பாதுகாப்பு அல்லது கொள்கை. ஆள் இருக்கிறார், பெட்டியில் இடமும் இருக்கிறது, உன் கடிதத்தில்தான் எனக்கு ஐமிச்சம் என்கிறது மறுபக்கம்.

மெயில்மேன் இந்த நடு எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. அதன் கணக்கு எளிது. ஒரு விலாசத்திலிருந்து பவுன்ஸ் வந்தால் ஒரு புள்ளி. ஒரே நாளில் எத்தனை வந்தாலும் ஒன்றுதான். புள்ளி 5 ஆனால் அந்த ஆளுக்கு மடல் நிற்கும். ஏழு நாள் பவுன்ஸே வராவிட்டால் பழைய புள்ளி மறக்கப்படும். நிறுத்தியபின் ஏழு நாள் இடைவெளியில் மூன்று எச்சரிக்கை, அதற்கும் அசையாவிட்டால் பெயர் நீக்கம். இவை எல்லாம் மெயில்மேனோடு கூடவே வரும் இயல்பு அளவுகள், நான் எதையும் மாற்றியிருக்கவில்லை.

இதை வாசித்ததும் வாரத்தின் கதை விளங்கியது. மாதம் இரண்டு மடல் போகிற குழுவில் ஒருவருக்கும் புள்ளி 5 வரை ஏறாது, இடையில் ஏழு நாள் கழிந்து அழிந்துவிடும். அதனால்தான் உண்மையிலேயே செத்த விலாசங்களும் மாதக்கணக்கில் பட்டியலில் குந்தியிருந்தன. டீச்சர் ஐந்து நாள் தொடர்ந்து எழுதினார். திங்கள் 1, செவ்வாய் 2, வெள்ளி 5.

யாருக்கு நடக்கவில்லை என்று பார்த்தேன்

187 பேரை விட, தப்பிய 77 பேர்தான் எனக்கு வழிகாட்டினார்கள். 41 பேர் திரட்டு வாங்குகிறவர்கள்: ஒவ்வொரு மடலாக வேண்டாம், சேர்த்துக் கட்டி ஒன்றாக அனுப்பு என்று கேட்டவர்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 32 பேர் வேலையிட விலாசங்களும் பழைய உள்ளூர் இணைப்பு விலாசங்களும் வைத்திருப்பவர்கள். மிச்சம் நான்கு பேர், அவர்கள் கதை பிறகு. அடிபட்ட விலாசங்களோ ஏறக்குறைய எல்லாமே பெரிய இலவச மின்னஞ்சல் நிறுவனங்களில்.

திரட்டுக்காரர்கள் ஏன் தப்பினார்கள்? திரட்டில் 'ஃப்ரம்' வரியில் இருப்பது குழுவின் பெயர். தனி மடலில் இருப்பது டீச்சரின் பெயர். ஒரே எழுத்து, ஒரே சேர்வர், ஒரே வாசகர் நிறுவனம். வித்தியாசம் கையெழுத்தில் மட்டும்.

டிமார்க் என்பது அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கிற முறை. 2015-ல் ஆர்எஃப்சி 7489 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தாலும், அதற்கு முன்பே பெரிய நிறுவனங்கள் நடைமுறைப்படுத்தத் தொடங்கிவிட்டன. ஒரு நிறுவனம் ஊரறிய இப்படி எழுதி வைக்கலாம்: என் பெயரைப் போட்டு வரும் கடிதம் என்னிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். நிரூபிக்க இரண்டு வழி. எஸ்பிஎஃப் உறையைப் பார்க்கும், டிகிம் கடிதத்தில் குத்திய முத்திரையைப் பார்க்கும். இரண்டில் ஒன்று தேறி, அது கையெழுத்தில் இருக்கும் நிறுவனத்தோடும் பொருந்தினால் போதும்.

எங்கள் குழுவில் இரண்டுமே உடைந்தன. உறையின் பின்பக்கத்தில் குழுவின் பெயர் இருக்கிறது. எஸ்பிஎஃப் தேறும், ஆனால் அது குழுவின் பெயருக்குத் தேறுகிறது, டீச்சரின் நிறுவனத்துக்கு அல்ல. டிகிம் முத்திரையை நான்தான் உடைத்தேன். பொருள் வரியின் முன்னால் சங்கத்தின் சுருக்கப் பெயரை அடைப்புக்குள் போடும்படியும், ஒவ்வொரு மடலின் அடியிலும் இரண்டு வரி அறிவித்தல் ஒட்டும்படியும் குழுவைத் தொடங்கியபோதே அமைத்திருந்தேன். முத்திரை குத்திய கடிதத்தில் ஒரு எழுத்துக் கூடினாலும் முத்திரை செல்லாது.

டீச்சரின் மின்னஞ்சல் நிறுவனம் அப்படித் திருப்பி அனுப்பச் சொல்லும் வகை. அதில் பிழையில்லை, தன் பெயரில் வரும் மோசடியைத் தடுக்கிறது. அதைத் தெரியாமல் இருந்தது என் பக்கத்துப் பிழை, அதுவும் பத்து வருடம் பிந்திய பிழை. 2014 ஏப்ரலில் யாகூ இந்தக் கொள்கையை அறிவித்தபோது உலகெங்கும் மடற்குழுக்கள் இதே பள்ளத்தில் விழுந்தன, அதே மாதம் ஏஓஎல்லும் அந்த வழியில் போனது. மெயில்மேன் அந்த வருடமே மாற்று வழியைத் தன் அமைப்புப் பக்கத்தில் சேர்த்துவிட்டது. அந்தத் தெரிவு என் கண் முன்னாலேயே இவ்வளவு காலமும் கிடந்திருக்கிறது.

இதை டீச்சரிடம் விளக்கியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப நான் சித்திரை வருசத்துக்குப் போட்ட வாழ்த்தும் போகல்லையா மகன்? ஒருத்தரும் பதில் போடல்ல. எல்லாரும் மறந்திட்டாங்க எண்டு நினைச்சன்."

பெரும்பாலானோருக்குப் போயிருக்காது. தனி ஒரு மடல், ஒரு புள்ளி, ஏழு நாளில் அழிந்திருக்கும். எனக்கு ஒரு அறிவித்தலும் வந்திருக்காது.

187 பெட்டியில் சரி போட்டது

திருத்த எடுத்தது ஒரு பின்னேரம், சலிப்பான பின்னேரம். உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொரு பெயரோடும் மடல் நிறுத்தப் பெட்டி ஒன்று இருக்கும். பவுன்ஸால் நின்றதென்றால் பக்கத்தில் 'பி' என்ற எழுத்து. தாமாக நிறுத்தியவர்களுக்கு 'யூ', நிர்வாகி நிறுத்தியிருந்தால் 'ஏ'. பக்கத்துக்கு 30 பேர், அதையும் முதல் எழுத்துப்படி பிரித்து வைத்திருக்கிறது. சேர்வரில் கட்டளை கொடுக்கும் வசதி இருந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், வாடகைச் சேர்வரில் அது இல்லை. அக்காவின் மகள் எழுத்து எழுத்தாக வாசிக்க, நான் பெட்டியை எடுத்துவிட்டேன். 'எஸ்' எழுத்தில் மட்டும் மூன்று பக்கம். எங்கள் தலைமுறையில் சிவா, செல்வா, சுதா இல்லாத வீடு ஏது? நடுவில் கரண்ட் வேறு போய், சேமிக்காத ஒரு பக்கத்தைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு மீட்கவில்லை. அறிவித்தல்களில் நடு எண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன். 174 பேருக்கு 7. பதின்மூன்று பேருக்கு 1, அந்த விலாசமே இல்லை. பதின்மூன்றும் ஜிமெயில். இரண்டு வருடம் தொடாத கணக்குகளை கூகிள் 2023 டிசம்பரிலிருந்து அழித்துவருகிறது. அந்தப் பதின்மூன்றில் ஒன்று எங்கள் ஆங்கில சேருடையது. அவர் காலமாகி மூன்று வருடம். அவருடைய மரண அறிவித்தலை அனுப்பியதும் இதே குழுவில்தான், அது அவருடைய பெட்டிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வந்த கூட்டக் குறிப்புகளும்தான். கணக்கு அழிக்கப்படும் வரை ஒரு பவுன்ஸும் வராமல் மடல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான்கு பேரின் பெட்டி நிரம்பியிருந்தது. 4.2.2 தற்காலிக மறுப்பு என்பதால் எங்கள் சேர்வர் உடனே கைவிடாது, வரிசையில் வைத்து நாள்கணக்கில் திரும்பத் திரும்பத் தட்டும். ஆகவே அவர்களுடைய பவுன்ஸ் அடுத்த வாரம்தான் வந்தது. களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஒரு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "நான் ஒருத்தருக்கும் மெயில் போடுறதே இல்லையே தம்பி, எப்பிடி நிரம்பும்?" நிரப்பியது வாட்ஸ்அப். அதன் காப்புப் பிரதி 2024-லிருந்து கூகிள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் எண்ணப்படுகிறது. பேரப்பிள்ளையின் நடன வீடியோக்கள் சங்கத்தின் கணக்கறிக்கையை வெளியே தள்ளிவிட்டிருந்தன.

திருத்தம் போட்டதில் வந்த வினை

பவுன்ஸுக்கு மூன்று வழி இருந்தது. டீச்சரை விலாசம் மாற்றச் சொல்வது எனக்கு மிகச் சுலபம், அவருக்கு மரியாதைக் குறைவு. உறவுக்காரர் எல்லாரிடமும் இருப்பது அந்த விலாசம். இரண்டாவது, பொருள் வரியையும் அடிக்குறிப்பையும் தொடாமல் மடலை அப்படியே கடத்துவது, முத்திரை உடையாது. எனக்குப் பிடித்தது இதுதான். செயற்குழு சம்மதிக்கவில்லை. அடைப்புக்குள் சங்கத்தின் பெயர் இல்லாவிட்டால் மூத்தவர்கள் ஸ்பேம் என்று அழித்துவிடுவார்களாம். உண்மையும்கூட.

மூன்றாவது, கையெழுத்தையே மாற்றுவது. 'ஃப்ரம்' வரியில் டீச்சரின் பெயரும் 'வழியாக' என்ற சொல்லும் குழுவின் விலாசமும் வரும். அவருடைய சொந்த விலாசம், பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 'ரிப்ளை-டு' வரிக்கு நகரும். கடிதம் குழுவின் பெயரில் போகிறது, உறையும் குழுவின் பெயரில், எல்லாம் பொருந்துகிறது. இதைப் போட்டேன். சோதனை மடல் ஜிமெயிலுக்குள் சறுக்கிக்கொண்டு போனது.

அதே இரவு, அதே பக்கத்தில், இன்னொன்றையும் மாற்றினேன். பதில் எங்கே போக வேண்டும் என்ற தெரிவு. அதுவரை 'எழுதியவருக்கு' என்று இருந்தது. 'குழுவுக்கு' என்று ஆக்கினேன். பொருளாளர் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: காசு அனுப்புகிறோம் என்று வருகிற பதில்கள் எல்லாம் டீச்சருக்கு மட்டும் போகின்றன, மற்றவர்களும் பார்த்தால் உற்சாகம் வரும். கடிதமே குழுவின் பெயரில் போகிறது, பதிலும் அங்கே வருவதுதானே பொருத்தம் என்று எனக்கும் பட்டது. அந்தப் பக்கத்திலேயே, பெரும்பாலான குழுக்களுக்கு 'எழுதியவருக்கு' என்பதையே வைக்கும்படி மெயில்மேன் அழுத்திச் சொல்கிறது. வாசித்தேன். வாசித்துவிட்டு மாற்றினேன்.

உறுப்பினர்களுக்குச் சொல்லவும் இல்லை. ஒரே இரவில் இரண்டு திருகாணியைத் திருகிவிட்டு, ஒன்றைப் பற்றி மட்டும் அறிவித்தல் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் டீச்சரின் மடலுக்குப் பதில் எழுதினார். வருடக்கணக்காக அழுத்திய அதே பொத்தான். அந்த மடலை இங்கே எழுதப் போவதில்லை. சாரம் இவ்வளவுதான்: இந்த முறை ஆயிரம் ரூபாய்தான் முடியும் டீச்சர், வேலை போய் மூன்று மாதம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவருடைய மனைவியின் தம்பி எங்கள் குழுவில் இருக்கிறார்.

மடலை எனக்கும் அனுப்பியது குழு. படித்து முடித்தபோது அது போய்ப் பத்து நிமிடம். மற்றவர்களின் பெட்டிக்குள் போனதை எடுக்க வழியே இல்லை. ஆவணக் கோப்பிலிருந்து அழித்தேன், அதுவும் கையால் செய்ய வேண்டிய வேலை. அமைப்பைத் திருப்பி 'எழுதியவருக்கு' ஆக்கினேன். பிறகு அவருக்குப் போன் எடுத்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பரவாயில்ல தம்பி, எப்படியும் ஒரு நாள் சொல்லத்தானே வேணும்" என்றார்.

பதில் எங்கே போக வேண்டும் என்பது மடற்குழு நடத்துகிறவர்களிடையே பழைய சண்டை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பத்துப் பேர் செயற்குழுப் பட்டியலில் பதில் எல்லாருக்கும் போவதுதான் வசதி, அதை அப்படியே விட்டிருக்கிறேன். 264 பேர் குழுவில் நான் பார்ப்பது பிழை நடந்தால் என்ன ஆகும் என்பதை. எல்லாருக்கும் போக வேண்டியது ஒருவருக்குப் போனால், 'அதைக் குழுவுக்கும் போடுங்க' என்று ஒரு வரி எழுதினால் சரி. ஒருவருக்குப் போக வேண்டியது எல்லாருக்கும் போனால் செய்ய ஒன்றுமில்லை. எல்லாருக்கும் என்றால் 'ரிப்ளை ஆல்' என்று ஒரு பொத்தான் ஏற்கெனவே இருக்கிறது, ஆளே தெரிந்து அழுத்தட்டும்.

அந்த இரண்டு நாளில் சூரிச் உறுப்பினர் ஒருவரின் 'விடுமுறையில் இருக்கிறேன்' தானியங்கிப் பதிலும் குழுவுக்குள் வந்து விழுந்தது. ஒழுங்கான தானியங்கி உறையின் பின்பக்கத்துக்குப் பதில் போடும், மடற்குழுவிலிருந்து வந்ததென்று கண்டால் வாயே திறக்காது. இது அந்த வகை இல்லை.

பாஸ்புத்தகப் படம்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த மூன்றாவது வாரம், குழுவுக்கு வந்த மடல் ஒன்று என் அனுமதிக்காகக் காத்திருந்தது. பொருளாளர் அனுப்பியது. டீச்சருக்கென்று எழுதிய கடிதம், கூடவே சங்கத்தின் வங்கிப் பாஸ்புத்தகத்தின் படம்.

அவர் 'ரிப்ளை' அழுத்தவே இல்லை. புதிதாக மடல் தொடங்கி, டீச்சரின் பெயரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டியிருக்கிறார். போன் தானாகவே டீச்சரின் பெயரைக் காட்டியிருக்கிறது. பெயர் டீச்சருடையது, அதன் பின்னால் இருந்த விலாசம் குழுவினுடையது. 'ஃப்ரம்' வரியில் நான் போட்ட 'வழியாக' மடல்களைப் பார்த்துப் போன் அப்படிக் கற்றுக்கொண்டுவிட்டது. பதில் அமைப்பைச் சரி செய்தால் போதும் என்று இருந்தேன், தொடர்புப் பட்டியல் வழியாக அதே வினை வந்தது.

காப்பாற்றியது அந்தப் படம். மெயில்மேனில் மடலின் அளவுக்கு இயல்பாக வைத்திருக்கும் எல்லை 40 கேபி, அதற்கு மேல் போனால் நிர்வாகியிடம் நிற்கும். எட்டு வருடமாகப் படம் அனுப்ப முடியவில்லை என்று எல்லாரும் குறைப்பட்ட எல்லை அது. கூட்டித் தரச் சொல்லி இப்போது யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

காரணத்தைத் தேடியபோது இன்னொரு பிழையும் அகப்பட்டது. கையெழுத்து மாற்றத்தை நான் குழுவில் எல்லாருக்குமே போட்டிருந்தேன். அது தேவையில்லை. திருப்பி அனுப்பச் சொல்லும் கொள்கை உள்ள நிறுவனத்தில் விலாசம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மாற்று, மற்றவர்களை அப்படியே விடு என்று இன்னொரு தெரிவு தனியாக இருக்கிறது. அதற்கு மாற்றினேன். இப்போது 'வழியாக' என்று வருவது மிகச் சிலருக்கு மட்டும். அவர்களுக்கு எழுதும்போது பெயரைத் தட்டாமல் விலாசத்தைப் பார்த்து அனுப்பும்படி ஒரு அறிவித்தல் போட்டேன். இந்த முறை திருகாணியைத் திருக முன்பே போட்டேன்.

இப்போது

மாதத்தில் முதல் ஞாயிறு உறுப்பினர் பட்டியலைத் திறந்து 'பி' போட்ட பெயர்களைப் பார்க்கிறேன். புள்ளி மறக்கப்படும் காலத்தை ஏழு நாளிலிருந்து அறுபதுக்கு ஏற்றியிருக்கிறேன், எங்களைப் போல் மெதுவான குழுவில்தான் இது பொருந்தும். நடு எண் 1 என்றால் யாரிடமாவது கேட்டுப் புது விலாசம் வாங்குகிறேன். 2 என்றால் போன் எடுக்கிறேன். களுவாஞ்சிகுடி அண்ணனின் மகள் வீடியோக்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். 7 என்று வந்தால் ஆளைத் தொடமாட்டேன், அந்தக் கிழமை நானே எதையாவது மாற்றினேனா என்று பார்ப்பேன். பன்னிரண்டு பெயரை எடுத்தாகிவிட்டது. ஆங்கில சேரின் பெயரில் 'பி'க்குப் பதிலாக 'ஏ' போட்டு வைத்திருக்கிறேன். செயற்குழுவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒக்டோபரில், மாரி தொடங்க முன், தாங்கி பூட்டி முடிந்தது. டீச்சர் கடைசிக் கணக்கைப் படத்தோடு அனுப்பி, அது 40 கேபி எல்லையில் நின்று, நான் அனுமதித்து, குழுவுக்குப் போனது. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று: 4.2.2, ஒஸ்லோவில் ஒரு பெட்டி. டீச்சருக்கு எத்தனை பதில் வந்தது, யார் யார் என்ன எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியாது. குழுவுக்கு ஒன்றும் வரவில்லை.